தானே அணையும் விளக்கு



இந்த மாதச் சுவர் இதழின் அறிவியல் பகுதிக்கு ஒரு சின்ன மின்சுற்றைப் பற்றி எழுதுகிறேன். பொத்தானை அமுக்கினால் எல்.இ.டி. விளக்கு எரியும். கையை எடுத்த பிறகும் எரியும். நாம் முடிவு செய்த நேரம் ஆனதும் யாரும் தொடாமலே அணைந்துவிடும். இதற்கு டைமர் சுற்று என்று பெயர். ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, மூன்று மின்தடைகள் இருந்தால் போதும். எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை நாமே கணக்குப் போட்டு வைக்கலாம். அந்தக் கணக்கைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இது எதற்கு?

நம் ஊரில் நிறைய வீடுகளில் கழிப்பறை வீட்டை ஒட்டி இல்லை. கொல்லைக் கடைசியில் இருக்கும். அதுவரைக்கும் கரண்ட் லைன் இழுக்காத வீடுகளும் உண்டு. இருட்டில் போகப் பயந்துகொண்டு சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத அக்காக்களும் அத்தைகளும் பாட்டிகளும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமலும் அடக்கி வைத்தும் இருந்தால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். இருட்டில் பாம்பு பயமும் சும்மா பயம் இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும்.

ஒரு பேட்டரி விளக்கை மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், யாரும் அணைக்க மறக்காமல் இருந்தால்! கணக்கைப் பாருங்கள். ஒரு எல்.இ.டி. 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. இரவு 10 மணி நேரம் எரிந்தால் 100 மில்லி ஆம்பியர் மணி செலவு. சாதாரண 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 400 இருக்கும். அதாவது நான்கு ராத்திரி மறந்தால் பேட்டரி காலி. ஐந்தாவது ராத்திரி உண்மையாகவே வெளிச்சம் வேண்டும்போது இருக்காது.

அதே விளக்கு ஒரு தடவைக்கு 2 நிமிஷம் மட்டும் எரிந்து அணைந்தால்? ஒரு நாளைக்கு ஆறு தடவை அமுக்கினாலும் 12 நிமிஷம்தான். அதற்கு 2 மில்லி ஆம்பியர் மணி போதும். 400-ஐ 2-ஆல் வகுத்தால் 200 நாள் வருகிறது. பேட்டரி சும்மா இருந்தாலே கொஞ்சம் வீணாகும் என்பதால் பாதியாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் 100 நாள்! நான்கு நாளுக்கும் நூறு நாளுக்கும் நடுவில் இருப்பது இந்தச் சின்னச் சுற்றுதான்.

அதற்கு எப்படி நேரம் தெரியும்?

இதை எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டியபோது எங்கள் அப்பாயி, “ஏத்தா, இம்புட்டு நேரம் ஆச்சுன்னு இதுக்கு எப்புடித் தெரியும்? உள்ளார கடிகாரம் இருக்கா?” என்று கேட்டாங்க. நல்ல கேள்வி. உள்ளே கடிகாரம் இல்லை. அதற்கு நேரமே தெரியாது. அது காலியாகிறது, அவ்வளவுதான்.

அடியில் சின்ன ஓட்டை உள்ள ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிரப்பி வைத்தால் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். குடம் பெரிதாக இருந்தால் காலியாக அதிக நேரம் ஆகும். ஓட்டை சின்னதாக இருந்தாலும் அதிக நேரம் ஆகும். நம் முன்னோர்கள் நாழிகை வட்டில் என்று வைத்திருந்ததும் இதே யோசனைதான். சின்னத் துளையும் தண்ணீரும் கொண்டு நாழிகை பார்த்தார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம்.

நம் சுற்றில் குடம் என்பது மின்தேக்கி. மெக்கானிக் கடையில் கண்டன்சர் என்று கேட்டால்தான் தருவார்கள். அது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும். ஓட்டை என்பது மின்தடை. மின்தடை அதிகமானால் ஓட்டை சின்னது என்று அர்த்தம். பொத்தானை அமுக்குவதுதான் குடத்தை நிரப்புவது.

ஆனால் மின்தேக்கியில் இருந்து ஒழுகும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம். அதை வைத்து நேராக விளக்கு எரிக்க முடியாது. அங்கேதான் டிரான்சிஸ்டர் வருகிறது. ஏரி மதகைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையால் திருகைத் திருப்புவார். அந்தக் கொஞ்ச பலத்துக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாயும். தண்ணீரைத் தள்ளுவது அவர் இல்லை, ஏரி. டிரான்சிஸ்டரும் அப்படித்தான். அதற்கு மூன்று கால்: கலெக்டர், பேஸ், எமிட்டர். பேஸில் ஒரு பங்கு கரண்ட் போனால் கலெக்டர் வழியாக அதைப் போல 200 பங்கு வரை போக விடும். விளக்கை எரிப்பது பேட்டரி. மின்தேக்கி திருகைப் பிடித்திருக்கும் கை மட்டும்தான்.

தேவையான பொருட்கள்

1. 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப்
2. பிசி 547 பி டிரான்சிஸ்டர் – 1
3. 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் மின்தேக்கி – 1
4. 47 கிலோ ஓம் மின்தடை (மஞ்சள், ஊதா, ஆரஞ்சு) – 1
5. 560 ஓம் மின்தடை (பச்சை, நீலம், பழுப்பு) – 1
6. 100 ஓம் மின்தடை (பழுப்பு, கருப்பு, பழுப்பு) – 1
7. வெள்ளை எல்.இ.டி. – 1
8. காலிங்பெல் சுவிட்ச் – 1

பேட்டரியையும் சுவிட்சையும் தவிர மற்றதெல்லாம் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். நான் வாங்கப் போனபோது கடைக்கார அண்ணன், “யாருக்குப் பாப்பா, உங்க அண்ணனுக்கா?” என்று கேட்டார். “இல்லண்ணே, எனக்குத்தான்” என்றேன். தோழிகளே, நீங்களும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

இணைக்கும் முறை

பேட்டரியின் பிளஸ் கம்பியை மேல் வரி என்றும், மைனஸ் கம்பியைக் கீழ் வரி என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் விளக்குப் பாதை. மேல் வரியில் இருந்து 560 ஓம். அதன் மறுமுனையில் எல்.இ.டி.யின் நீளக் கால். எல்.இ.டி.யின் குட்டைக் கால் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. எமிட்டர் கீழ் வரிக்கு.

அடுத்து நேரப் பாதை. மின்தேக்கியின் மைனஸ் கால் கீழ் வரிக்கு. அதன் பிளஸ் காலில் இருந்து 47 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு.

கடைசியாக நிரப்பும் பாதை. மேல் வரியில் இருந்து சுவிட்ச், அதில் இருந்து 100 ஓம், அதில் இருந்து மின்தேக்கியின் பிளஸ் காலுக்கு. அவ்வளவுதான்.

பிசி 547-இன் தட்டையான பக்கத்தை நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு நம்பர் டிரான்சிஸ்டரில் இந்த வரிசை மாறும். கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 100 ஓம் எதற்கு என்றால், காலியான மின்தேக்கி திடீரென்று நிறைய கரண்டை இழுக்காமல் தடுப்பதற்கு. அது இருந்தாலும் அரை வினாடியில் மின்தேக்கி நிரம்பிவிடும். “ஒண்ணு” என்று சொல்லி முடிக்கும் வரை அமுக்கினால் போதும்.

இனி கணக்கு

ஒவ்வொரு எண்ணையும் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று பார்ப்போம்.

முதல் படி, விளக்கின் கரண்ட். வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 9-இல் 3 போனால் மீதி 6. அதை 560-ஆல் வகுத்தால் (நம்ம ஓம் விதிதான்) 10 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் வரும்.

இரண்டாம் படி, பேஸுக்கு எவ்வளவு வேண்டும். பி வகை பிசி 547-இன் பெருக்கம் 200-இல் இருந்து 450 வரை இருக்கும். குறைந்ததை வைத்தே கணக்குப் போடுவோம். 10-ஐ 200-ஆல் வகுத்தால் 0.05 மில்லி ஆம்பியர். பேஸுக்கு இது கிடைக்கும் வரை விளக்கு முழுசாக எரியும். இதற்குக் கீழே போனால் மங்க ஆரம்பிக்கும்.

மூன்றாம் படி, ஆரம்பத்தில் எவ்வளவு கிடைக்கிறது. பேஸுக்குச் சுமார் 0.7 வோல்ட் தேவை. அதற்குக் கீழே மதகு திறக்காது. எனவே 9-இல் 0.7 போக மீதி 8.3 வோல்ட்தான் 47 கிலோ ஓம் வழியாகக் கரண்டைத் தள்ளும். வகுத்தால் சுமார் 0.18 மில்லி ஆம்பியர். தேவையைப் போல மூன்றரை மடங்கு. நல்லது.

நான்காம் படிதான் நேரம். மின்தடையை ஓமிலும் மின்தேக்கியை ஃபாரடிலும் எழுதிப் பெருக்கினால் விடை வினாடியில் வரும். 1000 மைக்ரோ ஃபாரட் என்பது 0.001 ஃபாரட். 47,000 × 0.001 = 47 வினாடி. இதற்குக் கால மாறிலி என்று பெயர். இதில் 0.7 பங்கு, அதாவது 33 வினாடிக்கு ஒரு தடவை, மீதி இருப்பது பாதியாகும். அடுத்த 33 வினாடியில் அந்தப் பாதியிலும் பாதியாகும்.

தொடக்கத்தில்: 8.3 வோல்ட், பேஸுக்கு 0.18 மில்லி ஆம்பியர், விளக்கு முழு வெளிச்சம்
33 வினாடியில்: 4.15 வோல்ட், 0.09 மில்லி ஆம்பியர், முழு வெளிச்சம்
66 வினாடியில்: 2.1 வோல்ட், 0.044 மில்லி ஆம்பியர், லேசாக மங்கல்
99 வினாடியில்: 1 வோல்ட், 0.022 மில்லி ஆம்பியர், பாதி வெளிச்சம்
132 வினாடியில்: 0.5 வோல்ட், 0.011 மில்லி ஆம்பியர், கால் வெளிச்சம்

0.05 என்பது 33-க்கும் 66-க்கும் நடுவில், சுமார் 59 வினாடியில் வருகிறது. ஆக, ஒரு நிமிஷம் முழு வெளிச்சம், அதற்கு மேல் மெதுவாக மங்கல். எங்கள் வீட்டில் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தபோது முழு வெளிச்சம் 1 நிமிஷம் 15 வினாடி இருந்தது. கணக்கைவிட அதிகம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் டிரான்சிஸ்டரின் பெருக்கம் 200-ஐவிட அதிகமாக இருக்கலாம். மின்தேக்கியிலும் எழுதியிருக்கும் அளவுக்கு 20 சதவீதம் முன்பின் இருக்கும்.

மங்கி அணைவது குறையா?

டக்கென்று அணையாமல் மங்கி மங்கி அணைகிறதே என்று என் தோழி கேட்டாள். கழிப்பறை விளக்குக்கு இதுதான் நல்லது. டக்கென்று அணைந்தால் உள்ளே இருப்பவர் இருட்டில் மாட்டிக்கொள்வார். மங்க ஆரம்பித்தால் “நேரம் முடியப் போகுது” என்று விளக்கே சொல்கிற மாதிரி. இன்னொரு தடவை அமுக்கினால் மின்தேக்கி மறுபடி நிரம்பி, நேரம் முதலில் இருந்து தொடங்கும். அதனால் சுவிட்சைக் கதவுக்கு உள்ளே, கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். நாங்கள் இன்னொரு சுவிட்சைப் பின்வாசல் பக்கமும் வைத்தோம். இரண்டையும் பக்க இணைப்பில் இணைத்தால் எதை அமுக்கினாலும் எரியும். போகும் வழியிலும் வெளிச்சம் கிடைக்கும்.

நேரத்தைக் கூட்ட வேண்டுமா?

ஓட்டையைச் சின்னதாக்கினால், அதாவது 47-க்குப் பதில் 100 கிலோ ஓம் போட்டால், நேரம் இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் முழு வெளிச்ச நேரம் 59-இல் இருந்து 51 வினாடியாகக் குறைகிறது! ஏன்? ஆரம்பத்திலேயே பேஸுக்கு 0.083 மில்லி ஆம்பியர்தான் போகிறது. அது 0.05-க்கு இறங்க ரொம்ப நேரம் ஆகாது. மங்கலாக எரியும் நேரம்தான் நீளும். 220 கிலோ ஓம் போட்டால் 0.038-தான் கிடைக்கும். முழு வெளிச்சம் என்பதே இருக்காது. ஓட்டை சின்னதானால் குடம் மெதுவாகக் காலியாகும், சரி. ஆனால் திருகைப் பிடிக்கும் கைக்கும் பலம் குறைந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, குடத்தைப் பெரிதாக்குவது. 2200 மைக்ரோ ஃபாரட் போட்டால் முழு வெளிச்சம் சுமார் 2 நிமிஷம் 10 வினாடி. இன்னொன்று, இரண்டு டிரான்சிஸ்டரை அடுத்தடுத்து வைப்பது. முதலாவதின் எமிட்டரை இரண்டாவதின் பேஸில் இணைத்து, இரண்டு கலெக்டர்களையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இதற்கு டார்லிங்டன் இணைப்பு என்று பெயர். 1953-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் சிட்னி டார்லிங்டன் கண்டுபிடித்தது. பெருக்கம் 200 × 200 = 40,000 ஆகிவிடும். அப்போது மின்தடை 470 கிலோ ஓமும், மின்தேக்கி வெறும் 100 மைக்ரோ ஃபாரடும் போதும். பத்தில் ஒரு பங்குக் குடம்! கணக்குப்படி 3 நிமிஷத்துக்கு மேல் வரும். மின்தேக்கியிலேயே கொஞ்சம் கசிவு இருப்பதால் நடப்பில் இதைவிடக் குறையும்.

555 ஐ.சி. போடலாமே?

எங்கள் அறிவியல் ஆசிரியரும் இதைக் கேட்டார். 555 என்பது நேரம் வைப்பதற்கென்றே செய்த ஐ.சி. ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்து, 1972-ல் சந்தைக்கு வந்தது. நேரத்தைத் துல்லியமாக வைக்கும், டக்கென்று அணைக்கும். ஆனால் சாதாரண 555, பேட்டரியோடு இணைந்தே இருந்தால், விளக்கு எரியாதபோதும் கரண்ட் எடுக்கும். 5 வோல்ட்டிலேயே சுமார் 3 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 72. நம் பேட்டரி ஆறு நாள்கூடத் தாங்காது. இதற்கென்றே குறைந்த கரண்ட் எடுக்கும் சீமாஸ் வகை 555-ம் இருக்கிறது. நம் டிரான்சிஸ்டரோ அணைந்த பிறகு எடுப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பேட்டரி விளக்குக்கு எரியும்போது எடுக்கும் கரண்டை மட்டும் பார்த்தால் போதாது, அணைந்திருக்கும்போது எடுப்பதையும் பார்க்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

* முதல் டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தது. பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது.
* கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-ல் நிக் ஹோலோனியாக் செய்தார்.
* நீல எல்.இ.டி. வந்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. வந்தது. உள்ளே இருப்பது நீல விளக்கு. மேலே பூசிய மஞ்சள் பொருளால் வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

முன்னெச்சரிக்கை

1. இது பேட்டரிக்கு மட்டும். வீட்டு 230 வோல்ட் கரண்டில் எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது.
2. மின்தேக்கியில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி இணைத்தால் சூடாகி வெடிக்கலாம்.
3. எல்.இ.டி.யை மின்தடை இல்லாமல் பேட்டரியில் வைத்தால் கருகிவிடும்.
4. பற்றவைக்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். வெறும் முறுக்குக் கம்பி இணைப்பு ஈரத்தில் துருப்பிடித்து விட்டுப்போகும்.
5. சுற்றை மூடியுள்ள சோப்பு டப்பாவில் வைத்து, தண்ணீர் படாத உயரத்தில் மாட்டுங்கள்.
6. இந்த விளக்கு கழிப்பறைக்கும் பக்கத்து வழிக்கும் மட்டும்தான். கொல்லையில் நடக்கும்போது கையில் டார்ச் லைட் வேண்டும்.

உங்களுக்கு ஒரு கேள்வி

1000 மைக்ரோ ஃபாரட் கிடைக்கவில்லை, கடையில் 470-தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே. இப்போது எத்தனை வினாடிக்கு ஒரு தடவை பாதியாகும்? முழு வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கும்? அதே 470-ஐ இரண்டு வாங்கிப் பக்க இணைப்பில் போட்டால் என்ன ஆகும்?

விடையை எழுதி, பெயரும் வகுப்பும் குறித்து, அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். சரியான விடை அடுத்த இதழில். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புக்கு வாருங்கள். சுற்றைக் காட்டுகிறேன், சேர்ந்தே கட்டலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி